மச்சான் அனுப்பிய ரெண்டு சிப்புப் பொட்டி

ஆண்டர்சன்பேட்டை,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி சைலஸுக்கு,

அக்கா பியாட்ரிஸ் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். உன்னை மாதிரி கோபத்தில் இருக்கிறவன் கிட்டே வரச் சளி காய்ச்சல்கூட பயப்படும்.

போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். நான் எப்போது கூப்பிட்டாலும் உன் பெண்டாட்டி ஜெனிட்டாதான் எடுக்கிறாள். "அவரு குளிக்கறாரு அண்ணி" என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், மத்தியானம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய். புனேயில் அவ்வளவு தண்ணீரா? இங்கே டேங்கர் வந்தால்தான் எங்களுக்குக் குளியல். கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பி விடு. காகிதம் வந்தால் பிரிக்காமல் இருக்க மாட்டாய், அந்தக் குணம் சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும். நான் படித்தது ஐந்தாவது, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரித்தாலே எனக்குப் போதும்.

முதலில் நல்ல சேதி. வருகிற ஞாயிறு இல்லை, அதற்கு அடுத்த ஞாயிறு என் பேரனுக்கு, நம் லவினாவின் பிள்ளைக்கு, ஞானஸ்நானம். காலைப் பூசை முடிந்த கையோடு. பிள்ளைக்கு அப்படியே உன் மூக்கு. பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வளர வளர சரியாகிவிடும் என்று நான் லவினாவைத் தேற்றி வைத்திருக்கிறேன்.

ஞானத்தகப்பன் நீதான் என்று அது வயிற்றில் இருக்கும்போதே பேசி முடித்தோம். நீயேதான் வாய்விட்டுக் கேட்டாய். இப்போது என் வீட்டுக்காரர் முகத்தில் முழிக்க மாட்டேன், கோலார் தங்கவயல் மண்ணையே மிதிக்க மாட்டேன் என்று ஜெனிட்டாவிடம் சொன்னாயாமே. சரி, மிதிக்காதே. பிள்ளையை யார் பிடித்துக்கொண்டு நிற்பது? லவினா இன்னா சொல்கிறாள் தெரியுமா? "சைலஸ் மாமா வராட்டி ஞானஸ்நானமே வேணாம்மா. இவன் பெரியவனாயி, தானே நடந்து போயி வாங்கிக்கட்டும்" என்கிறாள். பிடிவாதத்தில் அவள் யார் மாதிரி என்று நான் எழுத மாட்டேன். அப்பாவும் மாமாவும் பாதிப் பாதி கொடுத்திருக்கிறீர்கள்.

நடந்த கதையில் உன் பக்கத்தை நீ ஜெனிட்டாவிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாய். இந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன், கேள்.

போன கல்யாண சீசனில் எங்கள் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும், உங்கள் ஆபீசில் கழித்த பெரிய பொட்டியை நீ லாரி பார்சலில் அனுப்பினாய். உள்ளே ஒன்றுக்கு ரெண்டு சிப்பு, கல்யாண வீடியோ எல்லாம் தண்ணி மாதிரி ஓடும் என்றாய். ஆபீஸ் ரகசியம் வெளியே போகக் கூடாது என்று அதன் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டார்கள். புது டிஸ்க்கு வாங்கி விண்டோஸ் போட வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்கு நீ போனில், "மாமா, மறக்காம புரோ போடுங்க" என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. உன் மாமா ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார். "சரி மச்சான், சரி மச்சான்" என்று தலையை வேறு ஆட்டினார்.

போனை வைத்தார். என்னைப் பார்த்தார். "அவன் கம்பெனில கீறவன். கம்பெனிக்காரனுங்களுக்குத்தான் புரோ. மாலை மாத்தற வீடியோவுக்கு இன்னாத்துக்கு அது? நம்ம லேப்டாப்புல ஹோம்தான கீது, நல்லாத்தான ஓடுது" என்றார். ஹோமையே போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு மட்டும் பெரிதாகத் தெரியுமா? விண்டோஸில் இப்படி ரெண்டு வகை உண்டு என்பதே அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. இட்லி மாவில் சின்னப் பாக்கெட், பெரிய பாக்கெட் மாதிரி, மாவு ஒன்றுதான் போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்புறம் பொட்டி ஓடியது, ஆனால் நீ சொன்ன ஓட்டம் இல்லை. ஒரு கல்யாணத்தை முடித்துத் தர பொழுது சாய்ந்தது. இவர் எதையோ தட்டிப் பார்த்தார். சிப்பு உட்கார்கிற சாக்கெட் ரெண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்று திரையில் காட்டியது. உடனே பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ரெண்டு சிப்பு, ரெண்டுக்கும் மேலே சூட்டை இழுக்கத் தகடு தகடாகக் கட்டிய கட்டி. ஓடுகிறபோதே ஒன்றின் மேல் கை வைத்தார், தோசைக்கல் மாதிரி சுட்டது. இன்னொன்றின் மேல் வைத்தார், ஜில்லென்று இருந்தது. அவ்வளவுதான். "ஒண்ணு செத்துப்போச்சு!" என்று கத்தினார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு அடக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். பால்காரரைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுத் தசரதன் அண்ணனைக் கூப்பிட்டார். எல்லோரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி வரிசையில் நின்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனோம். தசரதன் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆமாம்பா, சில்லுனு கீது. எப்ப எடுக்கறீங்க?" என்று கேட்டார். நான் சமையல்கட்டுக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்.

நான் சிரித்து முடிப்பதற்குள் இந்த மனுஷன் குடும்பக் குரூப்பில் வாய்ஸ் போட்டுவிட்டார். "பாதி உயிரு போன பொட்டிய குப்பையில போட மனசு வராம எங்க வூட்டுக்கு அனுப்பிட்டான் மச்சான்" என்று. அதைச் சித்தி வீடு, பெரியப்பா வீடு, பெங்களூருக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. நீ ஒரு வார்த்தை பேசாமல் குரூப்பை விட்டே போனாய்.

உனக்கு வலித்திருக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆசையாகக் கொடுத்ததை ஊரெல்லாம் கேட்கிற மாதிரி ஏமாற்று என்று சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் தம்பி, நீ அந்த வேலையிலேயே இருக்கிறவன். போகிறதற்கு முன்னால், "மாமா, இன்னா போட்டீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே முடிந்திருக்கும். உனக்கும் மூக்குக்கு மேலே கோபம். அந்த மூக்கில் இடம் வேறு நிறைய இருக்கிறது.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத கதை.

போன வாரம் இவருக்கு ஒரு யோசனை வந்தது. பொட்டியை ராபர்ட்சன்பேட்டைக்குக் கொண்டுபோய், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ஷைலா வாயாலேயே "செத்துப்போச்சு" என்று சொல்லவைத்து, அதை வீடியோ எடுத்துக் குரூப்பில் போடுவதாம். ஆட்டோவில் பொட்டியைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனார். நானும் கூடவே போனேன். இந்த வேடிக்கையை விடுவேனா?

கடையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா, நல்லா சத்தமா சொல்லு" என்றார். ஷைலா தகட்டைக்கூடக் கழற்றவில்லை. பொட்டியைப் போட்டு, திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அங்கிள், சிப்பு ரெண்டும் நல்லா இருக்கு. நீங்க போட்டிருக்கிறது ஹோம். ஹோம் ஒரு சிப்போட மட்டும்தான் வேலை செய்யும். ரெண்டாவது சிப்பு சும்மா ஒக்காந்துனு இருக்கு, அதான் சூடாகல. ரெண்டும் ஓடணும்னா புரோ போடணும்" என்றாள்.

இவர் விடுவாரா? "அதெப்படிம்மா? எங்க லேப்டாப்புலயும் ஹோம்தான். அதுல எட்டு காட்டுது, எட்டும் ஓடுதே!" என்று மடக்கினார். அவள், "அது ஒரே சிப்புக்குள்ள எட்டு கோர் அங்கிள். ஒரு சிப்புக்குள்ள எட்டு இருந்தாலும் ஹோம் ஓட்டும். தனியா இன்னொரு சிப்பு வெச்சாத்தான் அதைத் தொடாது" என்றாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரே சமையல்கட்டில் எட்டு அடுப்பு வைத்தாலும் ஹோம் எட்டிலும் உலை வைக்கும். பக்கத்தில் ரெண்டாவது சமையல்கட்டு கட்டி வைத்தால் அதன் கதவையே திறக்காது. புரோ ரெண்டுக்கும் போகும். மூன்று நாலு சிப்பு வைத்தால் அதற்கென்று வேறு வகை இருக்கிறதாம். அதை மட்டும் உன் மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதே.

"அப்ப மொதல்லயே புரோ போட்டிருந்தா?" என்று நான் கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். ஷைலா, "மொதல் நாளே ரெண்டும் ஓடியிருக்கும் ஆன்ட்டி. இத உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். கையில் போன் மட்டும் பதிவு செய்துகொண்டே இருந்தது.

ஷைலா அங்கேயே புரோ ஏற்றினாள். பொட்டி அணைந்து எழுந்தது. எங்கள் கல்யாண வீடியோ ஒன்றை ஓடவிட்டு, தகட்டைக் கழற்றி, "இப்ப கை வைங்க அங்கிள்" என்றாள். வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். சுட்டதும் வெடுக்கென்று எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ம்" என்றார். ஆட்டோவில், "இன்னாங்க, பொணம் சுடுதா?" என்று கேட்டேன். அதற்கும் "ம்".

வீட்டுக்கு வந்ததும் அதே பால்காரர், அதே தசரதன் அண்ணன், எல்லோருக்கும் மறுபடி அழைப்பு. வந்து தொட்டுப் பார்த்தார்கள். "இன்னா டக்ளஸு, உங்க சாமி மாதிரியே எழுந்துக்கிச்சா?" என்றார் தசரதன் அண்ணன். இவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "எங்க மச்சான் அனுப்புனது. சும்மாவா?" என்றார். சத்தியமாக இந்த வார்த்தையைத்தான் சொன்னார். முன்னே பொழுது சாய்கிறவரை ஓடினது இப்போது மத்தியானச் சோற்றுக்குள் முடிகிறது. வருகிற பார்ட்டிகளிடம் எல்லாம், "ரெண்டு சிப்பு, மச்சான் புனேல பெரிய வேலை" என்று ஒரே அளப்பு. உன்னைப் பற்றி இப்போது ஊரில் எல்லோரிடமும் பேசுகிறார், உன்னிடம் மட்டும்தான் பேசவில்லை.

அதற்காக முயற்சி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஷைலா கடையில் எடுத்த வீடியோ இன்னும் அவர் போனில் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை, அனுப்பத் தைரியம் வரவில்லை. தினமும் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டு வாய்ஸ் பதிவு செய்கிறார். "மச்சான்..." என்று ஆரம்பித்து, தொண்டையைக் கனைத்து, அழித்துவிடுகிறார். மறுபடி "மச்சான்...", மறுபடி கனைப்பு. அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து லவினாவின் வீட்டுக்காரர் கஷாயம் வாங்கிக்கொண்டு வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் எங்களை நிறுத்தி, "ஞானத்தகப்பன் யாரு, இன்னும் பேரு சொல்லலையே" என்று கேட்டார். பெங்களூரிலிருந்து இவர் பெரியப்பா மகன், நான் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். உன் மாமா அவர் பேரைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இவர், "என் மச்சான் சைலஸ் ஃபாதர். புனேல இருந்து வரான்" என்றார். "சொல்லிட்டீங்களா அவருக்கு?" என்று ஃபாதர் கேட்டார். கோயில் வாசலில் நின்றுகொண்டு இந்த மனுஷன் "ம்" என்கிறார்! அந்தப் பொய் பொய்யாகப் போகாமல் இருக்கத்தான் நான் இந்தக் கடிதம் எழுதுகிறேன்.

ஆகையால் தம்பி, டிக்கெட் போடு. ஜெனிட்டாவையும் கூட்டிக்கொண்டு வா. பெங்களூரில் மாரிக்குப்பம் வண்டியைப் பிடித்தால் சனிக்கிழமை சாயங்காலம் சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கலாம். குரூப்பில் எல்லோரும் கேட்க நடந்ததற்கு எல்லோர் முன்னாலும் பதில் வேண்டும் என்று நீ நினைப்பது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் அத்தனை பேரும் கோயிலில் இருப்பார்கள். உன் கையில் அவர் பேரப்பிள்ளை இருக்கும். அதைவிடப் பெரிதாக அவருக்குச் சொல்லத் தெரியாது.

ஸ்டேஷனுக்கு யார் வந்து நிற்பார் என்று உனக்கே தெரியும். மன்னிப்பு என்கிற வார்த்தைக்காகக் காத்திருக்காதே. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின எனக்கே அது கிடைத்ததில்லை. உன் கையிலிருக்கிற பையைப் பிடுங்குவார், கொடுத்துவிடு. முகத்தைப் பார்க்காமல், "சாப்ட்டியா?" என்று கேட்பார். வண்டியில் வயிறு முட்டத் தின்றிருந்தாலும், "இல்ல மாமா" என்று சொல்லுடா.

ஆண்டவர் உங்கள் ரெண்டு பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

பிள்ளையின் நெற்றியில் நீ சிலுவை போடுவதைப் பார்க்கக் காத்திருக்கும்,
உன் அக்கா,
பியாட்ரிஸ்