ரசத்துல ஒரு ஸ்பூன்

4.8.03, திங்கள்
வெயில். காத்தே இல்ல. தறிக்கு நூல் தார் எட்டு சுத்திட்டு, வீட்டுக்காரரோட ரத்த டெஸ்ட் பேப்பர் வாங்கப் போனேன். ஒரு மாசமா அவருக்கு சோறு எறங்கல. தறில உக்காந்தா களைப்பு.

எஸ்.ஜி.பி.டி. 212. நாப்பதுக்குள்ள இருக்கணுமாம்.

டாக்டரு பொறுமையாத்தான் சொன்னாரு. "இது கல்லீரலுக்குள்ள இருக்கற என்சைம்மா. கல்லீரல் அடிபட்டா ரத்தத்துல கசியும். எதால அடிபட்டுதுன்னு நம்பர் சொல்லாது. காமாலை, கொழுப்பு, ஏதாவது மருந்து, குடி..."

கடைசி வார்த்தை மட்டும்தான் காதுல ஏறிச்சி.

இந்த டைரில 'கு' போட்டா அன்னிக்கி குடிச்சாருன்னு அர்த்தம். கடைசி 'கு' பங்குனில. அப்புறம் படவேட்டு அம்மன்கிட்ட, இனிமே தொடமாட்டேன்னு கயிறு கட்டிகினாரு. அப்ப நம்பரு எப்பிடி ஏறும்? எனக்குத் தெரியாம குடிக்கிறாரு.

மறுபடி ஆரம்பிச்சிடுவாரோன்னு பயந்து, அக்கா குடுத்த குடி மறக்கற பொடி, ஆனிலேர்ந்து ரசத்துல தினம் ஒரு ஸ்பூன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா பலிக்காதாம்.

வாங்க: கடுகு, துணி சோப்பு, டார்ச்சு பேட்டரி.

8.8.03, ஆடி வெள்ளி
தெருவுல கூழு. கேட்டுட்டேன். "எங்க போயி குடிச்சிகினு வரீங்க?"

"இன்னாடி பேஜாரு இது. நாலு மாசமா தொடலடி." கற்பூரம் ஏத்தி, உள்ளங்கையால அடிச்சி அணைச்சி சத்தியம் பண்ணாரு. கை சுட்டுது.

நம்பல. பொய் சத்தியம் பண்றாரேன்னு வயிறு எரிஞ்சுது. மத்தியானம் ரசத்துல ரெண்டு ஸ்பூன். இனிமே தினம் ரெண்டு.

"கசக்குதே."

"வெந்தயம் கூடிப்போச்சி."

குடிச்சிட்டாரு.

22.8.03, வெள்ளி
தூத்தல். பேட்டரி இன்னும் வாங்கல. மறு டெஸ்ட்டு. 540. அவரு கண்ணு மஞ்சளா இருக்குது.

டாக்டரு: "நாட்டு மருந்து, லேகியம், பொடி, எதுனா சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுமில்ல சார். இவ ஆக்கிப் போடறது மட்டும்தான்."

செவுத்து கேலண்டரயே பாத்துகினு இருந்தேன். பயமும் இல்ல, அழுகையும் இல்ல. பஸ்ல கண்டக்டரு, "ஜல்தி எறங்கும்மா"ன்னு ரெண்டு வாட்டி சொன்னாராம். வீட்டுக்காரருதான் என் கையப் புடிச்சி எறக்கினாரு.

இன்னிக்கி ரசம் வெக்கல.

23.8.03, சனி
பொடி டப்பாவ எடுத்துகினு தனியா போனேன். டாக்டரு மோந்து பாத்தாரு. "இதுல இன்னா கலந்திருக்குன்னே தெரியாதும்மா. இதாத்தான் இருக்கும். நிறுத்துங்க. நாலு நாள்ல திரும்ப ரத்தம் எடுக்கலாம். அதுக்குள்ள வாந்தியோ மயக்கமோ வந்தா உடனே கூட்டிகினு வாங்க."

நம்பரு எறங்குமான்னு கேட்டேன். எறங்கணும்னாரு. "அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். தறிக்குழில உக்காந்துகினு இருந்தாரு, ஊடநூல் ஓட்டற நாடா கையில. திட்டல. கத்தல. நாடாவ கீழ வெச்சிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.

"கற்பூரம் அடிச்சனே, அன்னிக்கியுமா?"

அன்னிக்கிதான் ரெண்டு.