காலையில் ஒரு கொப்பி, மாலையில் ஒரு கொப்பி

2025 மார்ச் 4, செவ்வாய்

கிளினிக் நாள். கண்டி மஹய்யாவயில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஐந்தேகாலுக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால் பதினொன்று. ஆட்கள் இல்லை, கொப்பிகள். மருந்து எழுதும் கிளினிக் கொப்பியை வாங்குப் பலகையில் வரிசையாக வைத்துவிட்டு ஆட்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். இங்கே கொப்பிதான் நோயாளி, நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வரும் ஆட்கள்.

ஏழரைக்கு அட்டென்டன் வந்தார். முதல் கொப்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கை அப்படியே தாதி மிஸ்ஸியின் மேசையில் வைத்தார். மிஸ்ஸி மேலேயிருந்து கூப்பிடத் தொடங்கினார். ஏழு இருபத்தைந்துக்குச் சாவகாசமாக வந்த மனுசனுக்கு முதலாம் நம்பர்! முப்பத்தொரு வருஷம் தபால் கந்தோரில் கடிதம் அடுக்கினவன் நான். அடுக்கை ஒருதரம் திருப்பி வையுங்கள் என்று சொன்னேன். அட்டென்டன் என்னைத் திருப்பி அனுப்புவதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

இதற்குள் ஒருவர், மிஸ்ஸிக்குத் தெரிந்தவராம், பக்கவாட்டுக் கதவால் நுழைந்தார். நான் விடவில்லை. “நாங்க என்ன இங்க பூப்பறிக்கவா வந்திருக்கோம்?” என்று கத்தினேன். வரிசையே கைதட்டியது. அவர் உள்ளே போய்விட்டார்.

பக்கத்தில் எப்போதும்போல் பாலம்மா. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர், எனக்கு இருக்கும் அதே சீனி வருத்தம். “கத்தாதீங்க சார், பிரஷர் ஏறிச்சின்னா அதுக்கு வேற கிளினிக்கு வரணும்” என்றார்.

பதினொன்றரைக்கு டாக்டரைக் கண்டேன். அவர் என்னைக் காணவில்லை, கொப்பியைத்தான் கண்டார். பழைய மருந்தையே தொடரச் சொல்லி ஒரு கீறல். பேமசி யன்னலில் ஒன்றரை மணித்தியாலம் நின்ற பிறகு, மூன்றில் ஒரு குளிசைக்கு “பெஹெத் நே”. மருந்து இல்லையாம். அதைச் சொல்லவும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

மார்ச் 5

கால் வீங்கியிருக்கிறது. கால் வீக்கத்துக்கு வியாழக்கிழமை கிளினிக்காம். நான் போகவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

முட்டாள்கள் தினம். பொருத்தமான நாள்.

காலையில் கிளினிக். அதே அடுக்கு, அதே தலைகீழ், அதே கீறல். இந்தமுறை மருந்து எல்லாம் இருந்தது, பழுப்புக் கடித உறையில் போட்டுத் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சுவர்ணா பிடித்துக்கொண்டாள். “ஒரு நாளாச்சும் ஒங்கள தொட்டுப் பாத்தாரா அந்த டாக்டரு? காசு குடுத்துப் போனாத்தான் மனுசனா மதிப்பாங்க. பிலிமத்தலாவையில தனியார் ஆஸ்பத்திரில சனல் பண்ணி நம்பர் எடுத்திருக்கேன், ஆறரைக்கு.” எந்த டாக்டர் என்று கேட்டேன். பெயரைச் சொன்னாள். காலையில் பார்த்த அதே டாக்டர்!

போனோம். ஏசி, மெத்தைக் கதிரை, சுவரில் மீன் தொட்டி. எட்டரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். “வாங்க ஐயா, இருங்க. என்ன வருத்தம்?” காலையில் கண்ட மூஞ்சி அவருக்கு மாலையில் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, காலையில் அவர் என் மூஞ்சியைப் பார்த்திருந்தால் அல்லவா?

கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகவேண்டாம் என்று சுவர்ணா முன்பே சொல்லியிருந்தாள். கண்டால் “அங்கேயே பாத்துக்கங்க” என்பாராம். புதிதாகப் பார்க்கட்டும். அதேபோல் இங்கே தந்த புதுக் கொப்பியைக் கிளினிக்கில் காட்டக்கூடாது. போன வருஷம் ஒரு பெண் தெரியாமல் காட்டிவிட்டு மிஸ்ஸியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை என் கண்ணால் கண்டேன். ஆக அரசாங்கத்துக்குத் தனியார் தெரியாது, தனியாருக்கு அரசாங்கம் தெரியாது. இரண்டு வீடு வைத்திருப்பவன்போல் நான் நடுவில்.

என்ன மருந்து குடிக்கிறேன் என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மூன்று நிமிஷம். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். பளபளவென்ற வெள்ளிப் பட்டையில் புதுக் குளிசை. சுவர்ணா முகத்தில் வெற்றி.

ஏப்ரல் 9

காலையும் மாலையும் இரண்டு மருந்தும் குடிக்கிறேன். நோய்க்குத் தப்ப வழியே இல்லை.

பத்து மணிபோல் மார்க்கட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது கை நடுங்கியது, சட்டை தொப்பலாக நனைந்தது. வெயில் என்று நினைத்தேன். கண்டியில் அப்படி ஒரு வெயில் எப்போது அடித்தது?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

விழுந்துவிட்டேன்.

உபவாசம். சிலுவைப்பாதை. மூன்றாம் ஸ்தலம், இயேசுநாதர் முதல்முறை கீழே விழுகிற இடம். சாமியார் அதை வாசித்து முடிக்கவில்லை, நான் தரையில். எனக்குப் பின்னால் நின்ற பெற்றீசியா டீச்சர், பக்தியின் உச்சத்தில் விழுந்தேன் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். என் தலைமாட்டில் இன்னொருவர் கால். நல்ல மனுசன், கெலிஓயாவில் கடை வைத்திருக்கும் முனாஸ், நித்திரையில் உதைக்கும்போதும் மன்னிப்புக் கேட்டார். சீனி மிகவும் இறங்கிவிட்டதாம், சேலைன் ஏற்றினார்கள். “வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?” என்று சின்ன டாக்டர் பிள்ளை கேட்டாள். மிஸ்ஸி பக்கத்திலேயே நின்றார். இல்லை என்றேன். அப்படியானால் உபவாசம்தான் காரணம் என்று எழுதினார்கள். எதற்கும் தலையை ஸ்கேன் பண்ணிப் பார்க்கட்டுமாம். தேதி தந்தார்கள்: நவம்பர் 17. அதுவரை தலையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும்.

ஏப்ரல் 24

இன்றைக்கும் வந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன். வாய் குழறியது. சுவர்ணா என்று கூப்பிட நினைக்கிறேன், பெயர் வரவில்லை. நாற்பது வருஷமாகக் கூப்பிடும் பெயர் — வரவில்லை.

பயமா இருக்கு. தலைக்குள்ள என்னமோ இருக்குன்னு மனசு சொல்லுது. அவகிட்ட சொல்லல. நவம்பர் வரைக்கும் இருப்பேனா? அவ தனியா என்ன பண்ணுவா? பேங்க்ல ஒரு கையெழுத்துப் போடக்கூட நான் பழக்கி வைக்கலியே.

ஏப்ரல் 26, சனி

வெள்ளிப் பட்டை முடிந்தது. சந்தியில் ஹில்மியின் பேமசிக்குப் போனேன். மருந்துத் துண்டு எந்தப் பையில் என்று தெரியாமல், கையிலிருந்த பையையே அவன் மேசையில் கவிழ்த்தேன். பழுப்பு உறை, வெறும் வெள்ளிப் பட்டை எல்லாம் விழுந்தன. ஹில்மி இரண்டையும் எடுத்துப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

“அங்கிள், இது ரெண்டும் ஒரே மருந்து. பேர்தான் வேற. யாரு சென்ன ரெண்டையும் குடிக்க?”

யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். நானே ஒளித்தேன், நானே குடித்தேன். சீனி இறங்காமல் என்ன செய்யும்?

வெள்ளிப் பட்டையைக் குடிக்கவேண்டாம், செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் காட்டுங்கள் என்றான். தலை சுற்றினால் உடனே வாயில் போட ஒரு பிடி டொபியும் தந்தான். வீட்டுக்கு வந்து சுவர்ணாவிடம் சொன்னேன். அழுதாள். பிறகு ஏசினாள். பிறகு சோறு போட்டாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டு கொப்பியையும் ஒன்றாக வைத்து, கந்தோரில் கடிதக்கட்டு கட்டுவதுபோல் சணல் நூலால் இறுக்கிக் கட்டிக் கொண்டுபோனேன். மிஸ்ஸி முறைத்தார். முறைக்கட்டும்.

டாக்டர் கட்டை அவிழ்த்தார். ஒரு பக்கம் புரட்டினார், மறுபக்கம் புரட்டினார். முகம் சிவந்துவிட்டது. “மருந்துக்கு மேல மருந்து! ஆள் செத்துப்போயிருப்பார். எந்த டாக்டர் இத எழுதினது?”

அவர் கொப்பியின் அடியில் குத்தியிருந்த முத்திரையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, கிளினிக்கில் நாலு வருஷத்தில் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க இதச் சொல்லியிருக்கணும்” என்றார், மெதுவாக.

“சொல்லியிருக்கணும்தான், சேர். பொய் சொன்னேன். ஏசுவாங்கன்னு பயம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு மருந்தை வெட்டினார், ஸ்கேன் துண்டையும் வாங்கிக் கிழித்துப் போட்டார். கொப்பியின் முதல் பக்கத்தில் நான் குடிக்கும் மருந்து எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினார். வாசிக்க முடியவில்லை, ஆனாலும் எழுதினார்.

மே 11

பதினைந்து நாளாக நடுக்கமில்லை. சுவர்ணா, சுவர்ணா, சுவர்ணா. மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். “என்னாங்க, பைத்தியமா?” என்று குசினியிலிருந்து கேட்டாள்.

மே 27, செவ்வாய்

இன்றைக்கு அதிசயம். அட்டென்டன் அடுக்கைத் திருப்பி வைத்தார். எனக்கு ஆறாம் நம்பர்! பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று சுவர்ணாவுக்கு கோல் பண்ணியும் சொல்லிவிட்டேன்.

பாலம்மா நாற்பதுக்கும் பின்னால். வாங்கில் சாய்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, மடியில் கை நடுங்குகிறது. “ஒண்ணுமில்ல சார், வெறும் வயித்தோட வந்தது” என்றார், வாய் குழற. அந்தக் குழறல் எனக்குத் தெரியும்.

டொபியைப் பிரித்து அவர் வாயில் போட்டேன். “அம்மா, வெளிய வேற டாக்டர்கிட்ட மருந்து எடுக்கிறீங்களா?”

சுற்றிப் பார்த்தார். தலையை ஆட்டினார், இல்லை என்று. நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

“என்கிட்ட சொல்லுங்க. நான் ஏச மாட்டேன்.”

சேலை மடிப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். உள்ளே பழுப்பு உறை. அதற்கடியில், கைக்குட்டையில் சுற்றி, வெள்ளிப் பட்டை. “மகன் கம்பளையில காட்டுனான்... மிஸ்ஸிக்கிட்ட சொல்லிறாதீங்க சார்.”

அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். வரிசைக்கு எங்கே நேரம்? பக்கவாட்டுக் கதவால் நேரே உள்ளே நடந்தேன். பின்னால் ஒரே கூச்சல். “ஓய் பெரியவரே, நாங்க என்ன இங்க பூப்பறிக்கவா வந்திருக்கோம்?” என்று ஒருவன் கத்தினான். இன்னும் நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

டாக்டர் என்னைக் கண்டார், என் கையிலிருந்த வெள்ளிப் பட்டையைக் கண்டார். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தார். விரலில் குத்திப் பார்த்தார்கள். சீனி நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது, உடனே சேலைன் ஏற்றினார்கள்.

நான் வெளியே வந்தபோது ஆறாம் நம்பர் கூப்பிட்டு முடிந்திருந்தது. ஆள் இல்லையென்று மிஸ்ஸி என் கொப்பியை அடுக்கின் அடியில் செருகிவிட்டார். வீட்டுக்கு வரும்போது மணி மூன்று.