ஆர்கன் மேலே, நான் கீழே

1958 ஜூன் 3

ஆர்கன் பெஞ்சின் ஓரத்தில், நான் உட்காரும் இடத்தில், தலையில் குத்தும் ஒரு நீலக் கிளிப் கிடந்தது. சரோஜினியுடையது இல்லை. என்னுடையதும் இல்லை.

பெரியப்பா தன் மகளைத் தனியாக எங்கும் அனுப்பமாட்டார். அதனால் சரோஜினி தேவாலயத்தில் ஆர்கன் பழகும் நாளெல்லாம் நான் துணைக்குப் போகிறேன். அம்மா இறந்து, படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, பெரியப்பாவின் பஃபலோ ரோடு வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கென்று இருப்பது அந்த ஓரம்தான். அவள் தலையசைத்தால் இசைப் புத்தகத்தின் பக்கம் திருப்புவேன்.

கிளிப் யாருடையது? கேட்கவில்லை.

ஜூன் 6

டாஃப்னியுடையது. சரோஜினியோடு படிக்கிற யூரேஷியப் பெண். இன்று அவளே வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாதக் கடைசியில் நடக்கும் கச்சேரிக்கு அவள்தான் பக்கம் திருப்பப் போகிறாளாம்.

“அவளுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியும் லா. இது ரொம்பக் கஷ்டமான பீஸ், பாக்கியம். தலையாட்டக்கூட எனக்கு நேரம் இருக்காது” என்றாள் சரோஜினி.

ஆர்கன் சொல்லித்தரும் ஜெயரத்தினம் சார் யாழ்ப்பாணத்துக்காரர். ஆர்கன் மாடத்திலிருந்து இறங்கும் படிக்கட்டைக் காட்டினார். “தங்கச்சி, நீர் கீழ போய் இரும். மேல இருக்கிற எங்களுக்கு ஒண்டும் சரியாக் கேக்காது. எந்தச் சத்தம் கூட, எது குறைவெண்டு நீர்தான் சொல்லோணும்.”

என்னை அனுப்ப ஒரு சாக்கு. எனக்குத் தெரியாதா?

ஜூன் 10

கீழே, மூன்றாம் பெஞ்சு. மேலே அவர்கள் இருவரும் சிரிக்கிறார்கள்.

“எப்படி இருந்துச்சு?” என்று சரோஜினி மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“நல்லா இருந்துச்சு.”

அவள் வாசித்ததை நான் காதில் வாங்கவே இல்லை.

ஜூன் 13

நல்லா இருந்துச்சு என்றேன்.

ஜூன் 17

இன்று காதில் விழுந்துவிட்டது. அவள் வாசிப்பது ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு ஜெர்மன்காரர் எழுதியதாம். முதல் பாதி ஃபேன்டேசியா. டிசம்பர் மழை மாதிரி எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதென்றே தெரியவில்லை. பிறகு ஃபியூக். ஒரு மெட்டு தன்னந்தனியாகத் தொடங்குகிறது. அது முடிவதற்குள் இன்னொரு குரல் அதே மெட்டோடு வருகிறது, அப்புறம் இன்னொன்று. யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்வதில்லை.

கடைசியில் காலால் மிதிக்கும் கட்டைகளில் அதே மெட்டு வரவேண்டும். வந்தது. ஆனால் மற்றதையெல்லாம் மூழ்கடித்துவிட்டது. வெறும் உறுமல். பெஞ்சே அதிர்ந்தது. மேலே ஒருவருக்கும் தெரியவில்லை! சார் சொன்னது சாக்கு இல்லை போலிருக்கிறது.

“எப்படி, பாக்கியம்?”

“நல்லா இருந்துச்சு.”

வாசிக்கட்டும். எல்லார் முன்னாலும் உறுமட்டும். பள்ளிக்கூடம் அவளுக்கு, ஆர்கன் அவளுக்கு, இப்போ சிநேகிதியும் அவளுக்கே— எனக்கு என்னதான் வச்சிருக்கு?

ஜூன் 20

பஸ்ஸில் சரோஜினி என் தோளில் சாய்ந்துகொண்டு காதோடு சொன்னாள்: “அப்பாகிட்ட சொல்லிடாதே. கச்சேரிக்கு ஒரு வெள்ளைக்காரர் வராரு. அவருக்குப் பிடிச்சா லண்டன்ல படிக்க சிபாரிசு பண்ணுவாராம்.”

லண்டன்.

“கீழே நல்லாத்தானே கேக்குது? டாஃப்னி எதுக்கெடுத்தாலும் ‘லவ்லி’ம்பா. நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் தலை தோளிலேயே இருந்தது. கனத்தது.

ஜூன் 24

அவள் வாயைத் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன், நல்லா இருந்துச்சென்று. சோறு இறங்கவில்லை.

ஜூன் 27

நாளை கச்சேரி. இன்று கடைசிப் பயிற்சி. பீடத்துக்குப் பூ வைக்க மாதர் சங்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். ஜெபத்தில்கூட நான் உதட்டைத்தான் அசைப்பேன். தேவாலயத்தில் என் குரலை யாரும் கேட்டதில்லை.

ஃபியூக் முடிவுக்கு வந்தது. மாடக் கம்பிகளுக்கு நடுவே டாஃப்னியின் கை பக்கத்தைத் திருப்பியது. வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிந்தது, பொய் எதற்கு? அப்புறம் அந்த உறுமல்.

எழுந்து நின்றேன்.

“நிறுத்து, சரோ! கால் சத்தம் எல்லாத்தையும் முழுங்குது! அதைக் குறைச்சிட்டு மறுபடி வாசி!”