லேமினேஷன் உரித்த டி.சி.

மதிப்புள்ள அய்யாவுக்கு மகள் ஜெயசுதா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மிளகாய் விதைக்க மழை விழுந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

போனில் சொன்னால் உடனே ரயில் ஏறிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். "மழ தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது தாயி" என்று கமுதியில் என் பள்ளி டி.சி.யை லேமினேஷன் போட்டுக் கொடுத்தீர்களே, அதன் மேல் சீல் பதியாது என்று யுனிவர்சிட்டி ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஃபீஸ் குறைவு என்று மாநிலம் தாண்டி இவ்வளவு தூரம் வந்தும், டி.சி. கொடுக்காமல் ஐடி கார்டு கிடைக்காது, அது இல்லாததால் லைப்ரரிக்குள் விடுவதில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாமல் ஹாஸ்டலுக்கும் ஆபீசுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். பக்கத்து அறை தஸ்னீம் பெரியபட்டினத்துக்காரி. நம் பேச்சு பேச இங்கே அவள் ஒருத்திதான். "அயன் பாக்ஸ வச்சு லேசா சூடு காட்டுடி, உரிஞ்சு வந்துரும்" என்றாள். உரிந்தது, தாளோடு சேர்ந்து.

பயப்பட வேண்டாம். கிழிந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். ஹெட்மாஸ்டரிடம் காட்டி டூப்ளிகேட் வாங்கி இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள். கூடவே நம் வத்தல் கொஞ்சம். இங்கே குழம்பில் உறைப்பே இல்லை. நீங்கள் வர வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. டி.சி.யில் ஒரு துண்டு குறைகிறதே என்று தேடாதீர்கள். தகப்பனார் பெயர் கூத்தையா என்று இருந்த இடம் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. அதை மட்டும் நான் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஜெயசுதா