"நன்றாகக் கேட்கிறது" என்றொரு சான்றிதழ்

அடியே,

நேற்று மத்தியானம் சித்தூர் ஆபீசில் ஒருத்தி என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். உயர்நிலைப் பள்ளியில் சிறப்பாசிரியர் வேலை கிடைத்து, சான்றிதழ் சரிபார்க்க வந்தவள். வெயிலில் வந்த புழுக்கத்தில் முடியை அள்ளிக் கொண்டை போட்டாள். இரண்டு காதுக்குப் பின்னாலும் காது கேட்கும் கருவி தெரிந்தது. மறைக்கவே இல்லை. ஊர் பார்க்கட்டும் என்று கம்மல் போடுவது மாதிரி போட்டிருந்தாள். பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

உன்னை நினைக்காமல் இருக்க எத்தனையோ வழி பழகி வைத்திருக்கிறேன். ரயிலில் ஏறுவதில்லை. பஸ்ஸில் போகும்போது ரயில்வே கேட் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். நகரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. நீயோ நேராக ஆபீசுக்குள்ளேயே வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாய். இனி எழுதாமல் என்ன செய்ய?

நமக்கு ஒரே தெரு. கைத்தறியைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டு வீட்டுக்கு வீடு பவர்லூம் இறக்கிய காலம். என் நைனா என்னைத் தறிப் பக்கம் விடவில்லை. உன் வீட்டில் அந்தச் சொகுசு இல்லை. பன்னிரண்டு வயதிலேயே தறி ஷெட்டில் நூல் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டாய். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் ஓடி வருவேன். ஷெட்டுக்குள் தறி போடுகிற சத்தத்தில் வாய்க்கு வேலையில்லை. நூல் அறுந்தது, தார் தீர்ந்தது, முதலாளி வருகிறார், டீ வந்தாச்சு, எல்லாம் கைதான். எண்களுக்குக்கூடக் கை உண்டு. மூக்கைத் தொட்டால் இருபது, தாடையைத் தொட்டால் நாற்பது, மிச்சத்துக்கு விரல். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ.

அந்தக் கைதான் உன்னை டீச்சராக்கியது. தார் சுற்றிக்கொண்டே பிரைவேட்டாகப் பரீட்சை எழுதித் தேறினாய். திருப்பதியில் இரண்டு பேரும் ஓராண்டுப் பயிற்சி முடித்தோம். காது கேளாத பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று புதுத் திட்டம் வந்திருந்தது. உனக்கு நகரி, எனக்குப் புத்தலப்பட்டு. பயிற்சியில் சொன்னது, பிள்ளையின் கையை மடியில் வைக்கச் சொல், வாயைப் பார்க்கச் சொல் என்று. உன் அறையில் நேர்மாறு. நீ தறி ஷெட்டுக் கையால் கணக்கு நடத்துவாய், பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். "வாயப் பாருன்னா பாக்கும்டீ, கையப் பாருன்னா பேசும்," என்பாய். எனக்குப் பொறாமையாக இருக்கும். என் பிள்ளைகள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

உன் பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். முதல் வாரமே பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுபோய் ஓரத்தில் நிறுத்தினாய். நில், இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார், மறுபடி இந்தப் பக்கம் பார், அப்புறம் கால் வை. "காத நம்பாதீங்க, கண்ண நம்புங்க," என்று கையால் சொன்னாய். எட்டாம் வகுப்புச் சுகுணா கழுத்தை ஒடித்துக்கொள்கிற மாதிரி திரும்பிக் காட்டினாள். அன்றைக்கு நானும் கூட இருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

உன் காது எப்போது போனது என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. அந்தத் தறிச் சத்தத்தில் எல்லாரும் கத்தித்தானே பேசினோம்! குவைத்துக்குப் போன உன் வீட்டுக்காரர் ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டில் பேசி அனுப்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "டேப்பு கெட்டுப்பூடிச்சி போல, நீ கேட்டுச் சொல்லேன்," என்றாய். போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற சத்தத்தில் அவர் குரல் வந்தது. நீ டேப்பைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"டேப்பு கெடலடீ," என்றேன்.

"தெரியும்," என்றாய்.

"எத்தினி நாளா இப்பிடி?"

"டிரெயினிங் முடிஞ்சதுலருந்தே. மொதல்ல கொலுசு போச்சு. அப்புறம் மழ. இப்ப நீ பேசறதே வாயப் பாத்தாதான்."

சொல்லிவிட்டு, அவர் என்ன பேசியிருக்கிறார் என்று கேட்டாய். சொன்னேன். வெட்கத்தில் உன் முகம் சிவந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கேசட்டையும் நான் கேட்டு உனக்கு வாயசைத்தேன். ஒரு புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்வதையெல்லாம் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும்.

அந்த வருஷம்தான் விதி வந்தது. உயர்நிலைப் பள்ளியில் இருக்கிற சிறப்பாசிரியர்கள் எல்லாரும் டெல்லியில் பதிந்து எண் வாங்கவேண்டும், எண் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை. நீ திருப்பதிக்குப் போய் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துவந்தாய். கோதுமை மாவு டப்பாமேல் விரித்து வைத்து இரண்டு பேரும் எழுத்துக்கூட்டிப் படித்தோம். கடைசி வரியில் மருத்துவத் தகுதி. செவித்திறன் இயல்பாக இருக்கவேண்டும். தாள் அதோடு முடிந்தது. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இது போச்சின்னா மறுபடியும் ஷெட்டுதான்டீ," என்றாய். "கொஞ்சநஞ்சம் இருக்கிறதும் பூடும். புள்ளைங்கள யாரு பாக்கறது?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெரிய கெட்டிக்காரி மாதிரி, "நான் எதுக்குக் கீறன்? பாத்துக்கலாம் வா," என்றேன்.

சான்றிதழ் வாங்கப் போன அன்று ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். டாக்டர் உன்னை முக்காலியில் உட்காரவைத்து, முதுகுப் பக்கம் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு தெலுங்கில் எண்களை முணுமுணுப்பார். நீ திருப்பிச் சொல்லவேண்டும். உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் எதிர் பெஞ்சில். கூட வந்தவள் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் முணுமுணுக்க, நான் மூக்கைச் சொறிந்தேன், முந்தானையில் விரலை மடக்கினேன். நீ பட்டுப்பட்டென்று சொன்னாய். கடைசி எண்ணுக்கு ஒரு நர்ஸ் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். நீ பேசவில்லை. டாக்டர், "வினபடிந்தா அம்மா?", காதில் விழுந்ததா என்று இரண்டு தரம் கேட்டார். உன் கழுத்தில் வேர்வை இறங்கியது. நர்ஸ் நகர்ந்தாள், நான் இரண்டு விரலால் தாடையைத் தொட்டேன். "நலபை ரெண்டு சார்," என்றாய். அவர் இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோமே, அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

பதிவு எண் வந்ததும் வேண்டுதல் தீர்க்கத் திருமலைக்குப் போனோம். கூட்டத்தில் கை விட்டுப்போனது. அறிவிப்புக் கவுண்டருக்குப் போய்ச் சொன்னேன். உன் பெயர், உன் நைனா பெயர், ஊர் நகரி என்று ஒலிபெருக்கியில் தமிழிலும் தெலுங்கிலும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். தேடிக்கொண்டே வந்தால், நீ அந்த ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு அடியிலேயே நின்று பொரி துன்னுகினு இருக்கிறாய். தலைக்கு மேலே உன் பெயர் அலறுகிறது. உன் பக்கத்தில் நின்றவர்கள்கூட யாரோ பாவம் என்று அண்ணாந்து பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே பயம் பிடித்துக்கொண்டது. வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றே உன்னை இழுத்துக்கொண்டு போய்க் கருவி வாங்கி மாட்டியிருப்பாள். எனக்குச் சான்றிதழ் பொய் என்று தெரிந்துவிடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அன்றிலிருந்து, காது கேட்கிறவளாக நடமாட உன்னைப் பழக்கினேன். எதிராளி வாயையே பார்க்காதே, தலையைச் சாய்க்காதே, மற்றவர்கள் சிரித்தால் கூடவே சிரி. இன்னொன்றும் சொன்னேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் ஓடியது. ஒரு புதன்கிழமை, பதிவு பெற்ற சிறப்பாசிரியர்களைச் சோதிக்கச் சித்தூரிலிருந்து நகரிக்கு ஒரு அதிகாரி வந்தார். நான் புத்தலப்பட்டில் இருந்தேன். பத்து மணி வாக்கில் பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது. எப்படிப் பஸ் ஏறினேன், எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

உன் வீட்டு வாசலில் சுகுணாதான் என் கையைப் பிடித்து இழுத்துத் தனியே கொண்டுபோனாள். கையாலேயே எல்லாம் சொன்னாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அதிகாரியும் தலைமையாசிரியரும் நின்றிருந்தார்கள். பிள்ளைகளும் அங்கேதான். நீ இந்தப் பக்கமிருந்து அவர்களைப் பார்த்துவிட்டாய். நகரியில் நிற்காத எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. அவர்கள் வாயைத் திறந்து கத்தினார்கள், கையை ஆட்டினார்கள். உன்னைக் கூப்பிட்டு வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பாய். நீயும் சிரித்துக் கையை உயர்த்தினாய். தலை நிமிர்ந்து நேராக நடந்தாய். சுகுணா இரண்டு விரலால் உன் நடையைச் செய்து காட்டினாள். அந்த விரல்கள் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அப்புறம் என்னிடம் ஒன்று கேட்டாள். "ரெண்டு பக்கமும் பாக்கணும்னு மிஸ்தானே சொன்னாங்க? மிஸ் ஏன் பாக்கல?"

எனக்கு அதற்குப் பதில் தெரியும். நான் சொன்ன அந்த இன்னொன்று அதுதான். முந்தின மாசம் அதே தண்டவாளத்தில் உன் கையைப் பிடித்து நிறுத்தி, "செவிடி மாதிரி இப்பிடித் திரும்பித் திரும்பிப் பாக்காதடீ, ஊரே பாக்குது. காது கேக்கறவ எவ இப்பிடிப் பாக்கறா? நேராப் போ," என்றவள் நான். நீ பயந்துபோய்த் தலையாட்டினாய். யாரும் பார்க்காதபோது திரும்பிப் பார்த்துத்தான் போயிருப்பாய். அன்றைக்கு ஆபீசர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்ததா? போலீஸ் கேட்டது, இவளுக்குக் காது கேட்குமா என்று. பள்ளிக்கூடத்தில் உன் சான்றிதழை எடுத்துக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறது. அப்படியென்றால் ரயில் சத்தம் கேட்காமல் இருக்குமா? சிரித்துக் கையாட்டி விடைபெற்றுப் போய் நின்றிருக்கிறாள். தானாகத் தேடிக்கொண்ட சாவு என்று எழுதிக் கேஸை மூடினார்கள். ஊரும் அதையே பேசியது. அந்தச் சான்றிதழில் இருந்தது டாக்டர் கையெழுத்து, அதை வாங்கிக் கொடுத்தது என் விரல். வாயைத் திறந்தால் என் பதிவும் போய்விடும் என்று நான் தூணோரம் நின்றிருந்தேன்.

குவைத்திலிருந்து உன் வீட்டுக்காரர் வந்தார். அழக்கூட இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கடசியா ஒரு கேசட்டு அனுப்பிச்சேன். இந்த வருஷமும் வர முடியாதுன்னு சொல்லிக்கிறேன். கொஞ்சம் கோவமாகூடப் பேசிட்டேன். அதக் கேட்டுதான் இப்பிடிப் பண்ணிக்கினாளா? உன்கிட்ட எதனா சொன்னாளா?"

அந்தக் கேசட் என் வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்லலாம் என்று வாங்கி வைத்திருந்தேன். நீ அதைக் கேட்கவே இல்லை. அவர் கோபம் உன்னை வந்து சேரவே இல்லை. நான் சொல்லவேண்டியது அவ்வளவுதான். "எனக்கு ஒண்ணியும் தெரியாதுண்ணா," என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். மறுபடி குவைத்துக்கும் போகவில்லை, மறுபடி கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இன்றும் அதே வீட்டில் ஒண்டியாக இருக்கிறாராம். யாரோடும் பேச்சில்லையாம்.

நேற்று தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்தப் பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். "காதுல இத மாட்டிக்கினு உனக்கு யாரும்மா பிட்னஸ் குடுத்தது?" என்றேன். அவள் பயப்படவில்லை. என் மேசையிலிருந்த பழைய விதித் தாளையே எடுத்துத் திருப்பிக் காட்டினாள். "ரெண்டாம் பக்கம் மேடம். கேக்கற சக்தி கொறவா இருந்தா, மெஷின் வெச்சிக்கினு மறுபடி டெஸ்ட் பண்ணலாம். அதுல பாஸானாப் போதும். மொதல்லருந்தே இருக்குதே?" என்றாள்.

அதே தாள்தான். கோதுமை மாவு டப்பாமேல் விரித்த அதே தாள். ஜெராக்ஸ் கடைக்காரன் முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறான். பின்பக்கம் ஒன்று இருக்குமா என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. புத்தலப்பட்டை விட்டு இந்த ஆபீசுக்கு வந்து இத்தனை வருஷம் ஊரார் சான்றிதழையெல்லாம் சரிபார்த்தவள், இந்தத் தாளை மட்டும் கண்டாலே மற்ற தாளுக்கு அடியில் செருகிவிடுவேன். அதனால் முழுதாகப் படித்ததே இல்லை. படித்திருந்தால் ஒரு கருவியோடு நீ இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருப்பாய். பாவி, நான் பாவி. அவள் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கேசட்டைப் பீரோவிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போகிறேன். உன் வீட்டுக்காரரிடம் சொல்லப்போகிறேன். காறித் துப்புவாரோ, வெட்டுவாரோ, போலீசுக்குப் போவாரோ, தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி உன் வீட்டுக்குப் போகத் தண்டவாளத்தைத் தாண்டவேண்டும். ஓரத்தில் நிற்பேன். இந்தப் பக்கம் பார்ப்பேன், அந்தப் பக்கம் பார்ப்பேன், மறுபடி இந்தப் பக்கம் பார்ப்பேன். ஊர் பார்க்கட்டும்டீ.