திங்கட்கிழமை கிளம்பாத கார்

கார்த்திகை 7, ஞாயிறு

இன்று கண்டுபிடித்துவிட்டேன். ஆயுத பூஜைக்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் என் பழைய கார் கிளம்புவதில்லை. புது பேட்டரி போட்டும் அதே கதை. பாபநாசம் மெக்கானிக், "வித்துடுங்க டீச்சர்" என்று கையை விரித்துவிட்டார். நான் மாமா என்று கூப்பிடும் என் கணவரின் அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டார். "பஸ்ல போனா என்ன குறைஞ்சா போயிடுவே?" ஆமாம், குறைந்துதான் போவேன்.

மதியம், நிற்கும் வண்டியில் கரண்ட் எங்கே கசிகிறது என்று பார்க்க பேட்டரியில் மீட்டரை மாட்டி, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. அப்படியானால் ஏதோ ஒன்று பேட்டரியிலிருந்து நேராக இழுக்கிறது. ஒரு சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது டேஷ்போர்டுப் பிள்ளையாரிடம் போய் நின்றது. காய்ந்த மாலையை விலக்கினால், அடியில் ஒரு குட்டி பல்பு எரிகிறது. ஆயுத பூஜையன்று மாமா தன் கையால் மாட்டிய விளக்கு. சுவிட்சே இல்லை. வண்டி ஓடும் நாட்களில் பேட்டரி ஈடுகட்டிக்கொள்ளும். சனி, ஞாயிறு நின்றால் தீர்ந்துபோகும்.

கத்தரியை எடுத்ததும் மாமா ஓடிவந்தார். "சாமி வெளக்கும்மா. அணைக்கக் கூடாதுன்னுதான் சுவிட்சு வைக்கல."

"நடை சாத்தினப்புறம் கோயில்லயே இருட்டுதான் மாமா."

வெட்டிவிட்டேன். மாமா இரவு சாப்பிட வரவில்லை. பசித்தால் வரட்டும்.

பேட்டரி சார்ஜில் இருக்கிறது. நாளை திங்கட்கிழமை. அவர் ஜன்னலுக்கு நேர் கீழே வண்டியைக் கிளப்பப்போகிறேன். ஹாரனும் அடிப்பேன்.