என்னைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்

லோசான்
14.04.1996

அண்ணைக்கு,

நீங்கள் அனுப்பிய பத்திரிகைத் துண்டு நேற்றுக் கிடைத்தது. புதுவருடத்துக்கு வாழ்த்து எழுத இருந்தேன். அது இந்தக் கடிதத்தில் வராது. எனக்குச் சுகம். கோபத்தையும் நோய் என்று எண்ணுவீர்களானால் சுகமில்லை.

படத்தில் நீங்கள் நகர மண்டப மேடையில் நிற்கிறீர்கள். கோட்டு எடுப்பாக இருக்கிறது. அண்ணி தெரிவு செய்திருப்பா. உங்களுக்குப் பின்னால் இருக்கிறவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கு, பறித்த நிலத்துக்காக இனியும் இழப்பீடு கொடுக்கக்கூடாது என்று கூடியவர்கள். அவர்கள் முன் நீங்கள் ஆங்கிலத்தில் பேசியது தமிழில் இப்படி வரும்: எங்கட காணியையும் ஆமி எடுத்தது, நாங்கள் ஒருத்தரிட்டையும் கையேந்தேல்லை, மறந்திட்டு வேலைக்குப் போனம், என்ர தங்கச்சி பிரசாந்தினி சுவிசிலை ஆஸ்பத்திரி நிலம் துடைக்கிறாள், ஒரு நாளும் முறைப்பாடு சொன்னதில்லை. அந்த இடத்தில் கைதட்டல் எழுந்ததாகவும் பத்திரிகை எழுதியிருக்கிறது.

நான் நிலம் துடைப்பது உண்மை. முறைப்பாடு சொன்னதில்லை என்பது பொய். போன மாரியில் கழுவும் மருந்து பட்டுக் கைத்தோல் உரிந்தபோது, இரண்டு போர்த்துக்கேயப் பெண்களோடும் என் அறைத்தோழி சிவமலரோடும் போய் மேற்பார்வை செய்யும் அம்மாவின் கதவைத் தட்டினேன். தமிழர்கள் அமைதியானவர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன் என்று அவ சொன்னா. நாங்கள் போகவில்லை. கையுறையை மாற்றித் தந்த பிறகுதான் போனோம். முறைப்பாடு செய்யாத அகதிப்பெண் ஒருத்தி உங்கள் கூட்டத்துக்குத் தேவையென்றால் அவளுக்கு வேறு பெயர் வையுங்கள்.

சிவமலருக்குத் துண்டை வாசித்துக் காட்டினேன். உன்ர கொண்ணன் எங்களை விளக்குமாறு எண்டு நினைச்சுப்போட்டார் போல, மூலையிலை சாத்திவைச்சால் சத்தம் போடாது எண்டு, என்றாள். சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் எதை எதிர்த்துப் பேசினீர்கள் என்று அறிய இங்குள்ள நூலகத்துக்குப் போனேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதில் பிரித்தானிய முடியோடு மாவோரித் தலைவர்கள் உடன்படிக்கை செய்திருக்கிறார்கள். நிலமும் காடும் மீன்பிடியும் அவர்களிடமே இருக்கும் என்பது வாக்கு. பிறகு படை போனது, சட்டம் போனது, நிலம் கை மாறியது. இப்போது அரசாங்கம் தவறு நடந்ததென்று ஒப்புக்கொண்டு, நாடு முழுவதிலுமுள்ள கோரிக்கைகளை ஒரு பில்லியன் டொலருக்குள் முடித்துவிடப் பார்க்கிறது. அதுவே அதிகம் என்கிறது உங்கள் மண்டபம். மாவோரிகளோ, எங்களைக் கேளாமல் எங்கள் இழப்புக்கு எல்லை போட நீங்கள் யார் என்கிறார்கள். உங்கள் பேச்சில் இது ஒன்றும் இல்லை. நூற்றைம்பது வருடத்துப் பழங்கதை என்பது மட்டும் இருக்கிறது.

எங்கள் ஊர் கட்டுவனில் இருந்த காணியை ஆமி எடுத்து ஆறு வருடம் ஆகிறது. அது எத்தனையாம் வருடத்தில் பழங்கதை ஆகும்? நீங்கள் பொறியியலாளர். கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

அந்தப் பத்திரிகைக்கு எழுதி, என் பெயரைச் சொன்னது என் சம்மதத்தோடு அல்ல என்று அறிவியுங்கள். அதைச் செய்தபின் எனக்கு எழுதுங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
பிரசாந்தினி

*

லோசான்
16.06.1996

அண்ணைக்கு,

உங்கள் பதில் வந்தது. பத்திரிகைக்கு நீங்கள் எழுதவில்லை. எனக்குப் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். புத்தகம் வாசிச்சு வாசிச்சு உனக்கு மண்டை பழுதாப் போச்சு என்பது முதற்பக்கத்திலேயே வந்துவிடுகிறது. மிச்சத்தையும் பொறுமையாக வாசித்தேன்.

உங்கள் நகரசபையின் கழிவுநீர்த் திட்டத்தைப் பற்றி எழுதியது எனக்குப் புதிது. சுத்திகரித்த கழிவை ஆற்றில் விடக் குழாய்வழிக்குப் படம் கீறிக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு வருட உழைப்பு. ஆற்றங்கரை மாவோரிக் கூட்டத்தாரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்ற புதுச் சட்டத்தின்படி அவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மனிதக் கழிவு ஆற்றில் கலக்கக்கூடாது, முதலில் மண்ணுக்குள்ளால் போகட்டும் என்று அவர்கள் சொல்ல, சபை உங்கள் படங்களைச் சுருட்டி வைத்துவிட்டது. உழைப்பு வீண் போனால் யாருக்கும் எரியும். அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் அவர்களது வாதத்தை, படிக்காத சனத்தின்ர மூடநம்பிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் பங்குக் கிணற்றுக்குக் கிட்ட பத்மநாதன் மாமா மலகூடத்துக்குக் குழி வெட்டியது உங்களுக்கு மறந்திருக்காது. அப்பா அந்தக் குழிக்குள் இறங்கி நின்றார். என்னை மூடிப்போட்டு அதுக்கு மேலை கட்டு என்றார். தூரம் காணும், விதிப்படிதான் வெட்டிறன் என்று மாமா மேலே நின்று கத்தினார். அப்பா ஏறவில்லை. கடைசியில் மாமா இடத்தை மாற்றச் சம்மதித்த பிறகு, ஏணி கொண்டுவந்து அவரை ஏற்றியது நீங்கள். அப்பாவை அன்று ஒருவரும் மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்லவில்லை. விதிப்படி வெட்டிய மாமாவைத்தான் ஊர் ஏசியது.

நீங்கள் கேட்ட இன்னொன்று நியாயமானது போலத் தெரியும். நான் ஒருத்தற்ரை நிலத்தையும் பறிக்கேல்லை, என்ர வரிப்பணத்திலை ஏன் குடுக்கவேணும் என்கிறீர்கள். சரி, நீங்கள் பறிக்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது நித்திரை கொள்கிற சிப்பாயைக் கேட்டால் அவனும் இதையே சொல்லுவான். நான் பறிக்கவில்லை, என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்பான். அவன் சொல்வதும் உண்மையாக இருக்கும். அந்த உண்மையை வைத்துக்கொண்டு அப்பா என்ன செய்வார்?

கூட்டம் முடிந்தபின் ஒருவர் உங்கள் கையைக் குலுக்கி, குடியேறி வந்தவர்கள் எல்லோரும் உங்களைப் போல இருந்தால் நாட்டில் பிரச்சினையே இல்லை என்று சொன்னதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இங்கே அந்த வசனம் கிடைத்திருக்கிறது, பிரெஞ்சில். கேட்ட அன்று எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு, யாரைப் போல இல்லை என்பதற்காக என்னை மெச்சுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். சமையல்கூடத்தில் வேலை செய்யும் கொசோவோக்காரர்கள் நின்றார்கள். உங்கள் பத்திரிகைகளில் ஆசியர்கள் கூடிவிட்டார்கள் என்று எழுதுகிறார்களாமே. உங்கள் கையைக் குலுக்கியவர் அதை வாசிப்பதில்லையா?

கடைசிப் பக்கத்தில் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஓகஸ்ட் கடைசியில் இன்னும் பெரிய கூட்டமாம். தேர்தலுக்கு முந்திய கூட்டம், கட்சிக்காரர்கள் வருவார்களாம். இம்முறை என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றிப் பேசப்போகிறீர்கள். எல்லாவற்றையும் இழந்தும் திரும்பிப் பாராத மனிசன் என்று.

அப்பா திரும்பிப் பார்க்காமல் இருந்த ஒரு வருடத்தைச் சொல்லுங்கள். ஆமி வந்த நாளில் இருந்து வருடம் தவறாமல் மாவட்ட அரச அதிபருக்கு மனு எழுதுகிறார், என்னுடைய வீட்டையும் தோட்டத்தையும் என்னிடம் ஒப்படைக்கவும் என்று. பதில் வந்ததில்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கிற மனிதர், அண்ணை. கேட்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லுகிற மேடையில் அவரை ஏற்றாதீர்கள். இதைச் சண்டைக்காக எழுதவில்லை. சண்டை வேண்டுமென்றால் அதற்கும் ஆயத்தம்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை எப்படி என்று எழுதுங்கள்.

பிரசாந்தினி

*

லோசான்
11.08.1996

அண்ணைக்கு,

போன கிழமை நீங்கள் தொலைபேசியில் கத்தியபோது நான் பேசாமல் வைத்தது பயத்தால் அல்ல. சிவமலர் இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தாள், சின்ன அறை. நான் முடிவெடுத்திட்டன், நீ உன்ர வேலையைப் பார் என்றீர்கள். பார்க்கிறேன். ஆனால் இரண்டு விடயம் உங்களுக்குத் தெரியவேண்டும்.

ஜெனீவாவில் ஒவ்வொரு ஆடியிலும் ஐக்கிய நாடுகள் மண்டபத்தில் பூர்வகுடி மக்களின் கூட்டம் நடக்கும். அதற்கு வந்த மாவோரி அம்மா ஒருவரை இங்குள்ள தேவாலயத்தில் ஒரு மாலைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். போனேன். அறுபது வயதிருக்கும். தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவ. நல்ல பகிடிக்காரி. உங்கள் மலைகளைப் பார்த்தேன், வடிவாக வைத்திருக்கிறீர்கள், யாரிடமிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டுத்தான் பேச்சையே தொடங்கினா. சுவிஸ்காரர்களுக்குச் சிரிப்பதா விடுவதா என்று தெரியவில்லை.

அந்த ஒரு பில்லியன் திட்டத்தை விளக்க அதிகாரிகள் ஊர் ஊராகப் போனார்களாம். ஓர் இடத்திலும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லையாம். ஆனாலும் ஒரு கூட்டத்தாருக்குக் கொஞ்ச நிலம் திரும்பியிருக்கிறது, பிரித்தானிய அரசியே கையெழுத்து வைத்து மன்னிப்பும் கேட்டிருக்கிறா. காசைப் பற்றிக் கதைத்தபோது கொட்டாவி விட்ட கிழவர்கள் அந்த மன்னிப்பை வாசித்தபோது அழுதார்கள் என்று சொன்னா. பிறகு தேநீர் வேளையில் என்னிடம் வந்து, நீ எந்த நாடு என்று கேட்டா. சொன்னேன். வீடு இருக்கிறதா என்றா. இருக்கிறது என்றேன். இப்போது அதில் யார் இருக்கிறார்கள் என்றா. ஆமி என்றேன். திருப்பிக் கேட்டீர்களா என்றா.

இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து எல்லோரும் என்னிடம் எப்போது திரும்பிப் போவாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். திருப்பிக் கேட்டீர்களா என்று ஒருவரும் கேட்டதில்லை. என் தகப்பன் வருடாவருடம் கேட்கிறார் என்றேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல மனிதர், அவருக்குக் களைப்பு வராமல் பார்த்துக்கொள் என்றா. எனக்கு அவவுடைய நாட்டில் ஓர் அண்ணன் இருக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வெட்கம் உங்களால் வந்தது.

அடுத்தது அப்பாவின் கடிதம். கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். கிளிநொச்சியில் பீரங்கிச் செல் விழத் தொடங்கியதும் சின்னம்மாவோடு அக்கராயனுக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடம் ஒன்றில் இருக்கிறார்கள். இருமல் இருக்கிறதாம், மருந்து இல்லையாம். இதையெல்லாம் இரண்டு வரியில் முடித்துவிட்டு மிச்சம் முழுவதும் காணியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

போன ஐப்பசியில் சண்டை நெருங்கிச் சனம் முழுவதும் மழைக்குள் வெளிக்கிட்டபோது, நாவற்குழிப் பாலத்து நெரிசலில் காணி உறுதிப் பத்திரமும் நில அளவைப் படமும் இருந்த பை தவறிப்போனதாம். எங்களுக்கு இதுவரை அவர் சொல்லவில்லை. இம்முறை மனுவோடு காணிப் படம் ஒன்றும் வைக்கவேண்டும் என்று கந்தோரில் சொன்னார்களாம். உங்களைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். தம்பி கம்பசில் படிக்கிற காலத்தில் சங்கிலி பிடித்து அளந்து பழகியது எங்கள் காணியில்தானே, அவனுக்கு ஒவ்வொரு மூலையும் தெரியும், எனக்கு வடக்கெல்லை நினைவில் மாறுகிறது, கீறி அனுப்பச் சொல்லு, அவன் கீறினால் பிழை வராது என்று எழுதியிருக்கிறார்.

எழுத்து நடுங்கியிருக்கிறது, அண்ணை. தம்பி என்று உங்களை எழுதிய இடத்தில் மட்டும் நிறுத்தி, நிதானமாக எழுதியிருக்கிறார்.

நான் உங்களைத் தடுக்க முடியாது. நீங்கள் அப்பாவைப் பற்றிப் பேசினால் அந்தப் பத்திரிகைக்கு நானே எழுதுவேன், என் ஆங்கிலம் அதற்குப் போதும். ஆனால் நான் எழுதுவதல்ல பெரிய விடயம். அப்பா கேட்ட படத்தைக் கீறிக்கொடுத்தால் நீங்களும் கேட்கிறவர்களில் ஒருவர் ஆகிவிடுவீர்கள். கீறியபின் அந்த மேடையில் ஏறி, நாங்கள் மறந்துவிட்டோம் என்று சொல்ல உங்கள் நாக்கு எழும்பாது. அது தெரிந்துதான் நீங்கள் தொலைபேசியில் அவ்வளவு கத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதம் கூட்டத்துக்கு முந்தி உங்களிடம் வந்து சேரும் என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள். கொழும்புக்குப் போகிற ஒருவர் இங்கே இருக்கிறார், புரட்டாதி நடுவில் புறப்படுகிறார். படத்தை எனக்கு அனுப்புங்கள், அவரிடம் நான் கொடுத்துவிடுகிறேன். பெரிய தாளில், அப்பாவின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் கீறுங்கள். வடக்கெல்லையைக் கொஞ்சம் தடித்த கோடாகப் போடுங்கள்.

உங்கள் கை நன்றாயிருக்க வேண்டும்.

தங்கை,
பிரசாந்தினி